ஒன்பதாவது படி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் உன் மாப்பிள்ளையும் சௌகரியம். உன் உடம்பும் அண்ணியின் முட்டிவலியும் எப்படி என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

புது வருஷத்துக்கு நீ போட்ட கடிதம் வந்தது. "இனிமேல் போன் வேண்டாம் வாலு. முப்பத்திரண்டு வருஷம் பஸ் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது போய்விட்டது, எழுது, நானும் எழுதுகிறேன்" என்றிருந்தாய். உன் மாப்பிள்ளை படித்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு அறுபத்தொன்பது வயசுல லெட்டர் எழுதுற ஆசை வந்திருக்கு, நல்லதுதானே" என்று சிரித்தார். எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. என்னை இன்னும் வாலு என்று கூப்பிட நீ ஒருத்தன்தான் மிச்சம். அதை எழுத்தில் பார்க்கப் பிடித்திருக்கிறது.

சின்னவளுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் அறை காலியாகக் கிடக்கிறது. பெற்ற மனசு கேட்கவில்லை, மூக்குக் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்ததும் அந்தக் கதவைத் திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன். நேற்று கட்டிலை ஜன்னல் பக்கமாகத் தள்ளிப் போட்டேன். உனக்குத்தான். ஏப்ரலில் குளிர் விட்டுவிடும். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு மாதம் இரு. உன்னைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதுவும் நான் அங்கே வந்தபோது பார்த்ததுதான். நீ இங்கே கடைசியாக வந்தது... அது கிடக்கட்டும்.

வீடு அதே மூன்றாவது மாடிதான். இன்னும் லிப்ட் வைக்கவில்லை. டிப்போ படியை இரண்டிரண்டாகத் தாவினவனுக்கு இதெல்லாம் ஒரு மாடியா?

வருகிற தேதியை மட்டும் எழுது.

உன்
வாலு

*

பிப்ரவரி 21

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சின்னவள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா?

நீ கட்டிலை நகர்த்தினாய் என்றதும் சிரிப்பு வந்தது. நானும் நகர்த்தியிருக்கிறேன். மாடி அறையிலிருந்து கீழே முன்னறைக்கு. இங்கே காற்று நன்றாக வருகிறது, தெருவும் தெரிகிறது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு ராஜா மாதிரி போகிறவர் வருகிறவரைப் பார்க்கிறேன்.

கடைக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்ச் உண்டு. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அதில் உட்காருகிறேன். என் பதினேழாம் நம்பர் வண்டியை இப்போது ஒரு பெண் ஓட்டுகிறாள். வளைவில் என்னைவிட அழகாகத் திருப்புகிறாள். அண்ணியிடம் சொல்லிவிடாதே. உலகத்திலேயே நல்ல டிரைவர் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். முப்பது வருஷம் என் வண்டியிலேயே கண்டக்டராக நின்றவள், வேறு யாரைப் பார்த்தாள்?

வருகிறேன் வாலு. ஏப்ரலில் பார்க்கலாம். உங்கள் மூன்றாவது மாடிக்கு மொத்தம் எத்தனை படி என்று எண்ணி எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அண்ணன்

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஐம்பத்து நான்கு படி. நேற்று காய்கறிப் பையோடு எண்ணிக்கொண்டே ஏறினேன். எதிர்வீட்டம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எதற்குக் கேட்டாய்?

நீ வேண்டாம் என்றாலும் மனசு கேட்காமல் போன மாதத்தில் நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் அண்ணிதான் எடுத்தார்கள். நான்கு தடவையும் நீ குளித்துக்கொண்டிருக்கிறாயாம். மீனாகிவிட்டாயா? ஒரு வார்த்தை "என்ன வாலு" என்று சொல்லிவிட்டுப் போனால் காது கழன்றா விழுந்துவிடும்?

சரி, கோபமில்லை. ஏப்ரல் பதினைந்துக்கு மேல் எந்தத் தேதி என்றாலும் எனக்குச் சரி. கடையில் லீவு சொல்லிவைக்க வேண்டும். எங்கள் முதலாளிக்கு நாள் சொல்லாமல் லீவு கேட்டால் மூக்கு சிவந்துவிடும்.

உன் பதிலுக்காகத் தபால் பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தடவை திறக்கிற,
வாலு

*

ஏப்ரல் 6

அன்புள்ள வாலு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சாமான் எல்லாம் வெளியே கிடந்தது. உன் கடிதமும் அதில் எங்கோ போய், இப்போதுதான் கிடைத்தது.

இந்தக் களேபரத்தில் ஏப்ரல் முடியாது போலிருக்கிறது. அண்ணியின் முட்டியும் சரியில்லை. ஜூனில் வரலாம் என்று நினைக்கிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

உங்கள் எல்லோருக்கும் என் அன்பு.

அண்ணன்

*

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். ஜூன் என்றால் ஜூன். விரித்த படுக்கை விரித்தபடி இருக்கும்.

குற்றம் பேனா மேல் இல்லை, உன் கண் மேல். இருபது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் நிற்கிறவளிடம் ஏமாற்றாதே. வரி எல்லாம் வலது பக்கம் சரிந்து இறங்குகிறது, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை பேனாவை எடுத்து வைத்திருக்கிறாய். கண்ணாடி மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு? வா, என் கையாலேயே அளவெடுத்து, நல்ல ஃப்ரேமாகப் போட்டு அனுப்புகிறேன்.

சின்னவள் ஜூனில் லீவு போடுகிறாளாம். "மாமா நம்ம வீட்டுக்கே வந்ததில்லையேம்மா, ஏன்?" என்று கேட்டாள். வேலை அப்படி என்றேன்.

அண்ணியின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

வாலு

*

ஜூன் 2

அன்புள்ள வாலு,

நலம்தானே.

ஜூனுக்கு எதுவும் ஏற்பாடு செய்யாதே. இந்த வருஷம் வேண்டாம். பிறகு பார்க்கலாம். சின்னவளிடம் மாமா கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

ஜூன் 14

அண்ணாவுக்கு,

உன் நாலு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நலம்தானே என்று கேட்டிருக்கிறாய். இல்லை.

இனிமேல் சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கு நடந்ததுதானே காரணம்?

சின்னவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். என் உள்ளங்கையும் அரை முழங்கையும் சேர்ந்தால் அவள் நீளம். நுரையீரல் இன்னும் சரியாக விரியவில்லை, தூசி புகை எதுவும் கிட்டே வரக் கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நீயும் அண்ணியும் இரண்டு நாள் பிரயாணம் செய்து வந்தீர்கள். கதவைத் திறந்ததும் எனக்கு முதலில் பட்டது உன் முகம் இல்லை, சிகரெட் வாசனை. "அண்ணா, நீ உள்ளே வராதே" என்றேன். குளிச்சுட்டு வா, சட்டையை மாத்திட்டு வா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயத்தில் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அண்ணி மட்டும் உள்ளே வந்து பார்த்தார்கள். நீ கீழே படியில் உட்கார்ந்திருந்தாய். அன்று சாயங்காலமே திரும்பிப் போய்விட்டீர்கள்.

அதற்கப்புறம் நான் எத்தனை தடவை அங்கே வந்தேன். சிரித்தாய், வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டினாய், அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் இருபத்து நாலு வருஷமாக நீ என் வாசலை மிதிக்கவில்லை. டூட்டி, டூட்டி என்றாய். ரிட்டயர் ஆகியும் வரவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன் அண்ணா. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஆனால் இதற்காக என் குரலைக்கூடக் கேட்க வேண்டாம் என்று நினைக்கிற அளவுக்கா கோபம்?

வாலு

*

ஜூலை 5

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. இப்போது மெஷினைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருக்கிறார்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அவர் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "நீ எதுவும் எழுதிடாத" என்றார். முப்பது வருஷம் அவர் இஷ்டத்துக்கா வண்டியை எடுத்தார்? நான் கொடுத்த விசிலுக்குத்தான் எடுத்தார். அதனால் எழுதுகிறேன்.

அவருக்குக் காதில் ஒன்றுமில்லை. குறை நெஞ்சில். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. வயசு என்று விட்டுவிட்டோம். பிறகு தட்டையான தெருவில் நடக்கும்போதே வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, சிகரெட்டால் மூச்சுக் குழாய்கள் சுருங்கி, நுரையீரல் தளர்ந்துவிட்டது, போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். இவர் சின்னப் பையன் மாதிரி, "நான் விட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சே டாக்டர், இப்ப எப்படி வரும்?" என்று கேட்டார். அந்தம்மா, "அதுக்கு முன்னாடி இருபத்தொன்பது வருஷம் பிடிச்சிருக்கீங்களே ஐயா. விட்டதனாலதான் இன்னைக்கு இங்க உட்கார்ந்து என்கிட்ட சண்டை போடுறீங்க. விடலைன்னா எப்பவோ படுத்திருப்பீங்க" என்றார்கள்.

ஒரு வரி பேசுவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்துகிறார். போனில் உனக்கு அது கேட்டுவிடும். அதற்காகத்தான் கடிதம். நானும் நாலு தடவை அவரைக் குளிக்க வைத்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஐம்பத்து நாலு படி என்று எழுதினாயே, அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நம் வீட்டு மாடிப்படியில் பழக ஆரம்பித்தார். நம் வீட்டில் பதினெட்டுப் படி. "மூணு தடவை ஏறினா அவ வீடு" என்றார். முதல் நாள் ஐந்து. அப்புறம் ஏழு. வேண்டாம் என்றால் கேட்கவில்லை. ஒரு நாள் நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், ஒன்பதாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உதடு நீலம். பேச்சு இல்லை. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. உனக்கு வெள்ளையடித்தோம் என்று எழுதினது அப்போதுதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து. இப்போது வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது. ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் மூக்கில் குழாயோடுதான்.

அவர் உன்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும்.

அண்ணி

*

ஜூலை 16

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன கடிதத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். அன்றைக்குக் கடையில் ஒருவர் சண்டை போட்டுவிட்டுப் போனார், அந்த எரிச்சல். அதைக் கிழித்துப் போடு.

கடையில் மூன்று வாரம் லீவு கிடைத்திருக்கிறது. அண்ணியின் முட்டிவலி என்னைத் தூங்கவிடவில்லை. அவர்களுக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று ஆகஸ்ட் பத்தாம் தேதி வருகிறேன். உன்னைப் பார்க்க இல்லை, அதனால் நீ ஸ்டேஷனுக்கெல்லாம் வர வேண்டாம். வீட்டு முகவரி மறக்கவில்லை.

கண்ணுக்கு அளவெடுக்கிற பெட்டியையும் கொண்டு வருகிறேன்.

வாலு

*

ஜூலை 29

அன்புள்ள வாலு,

உன் அண்ணி வருஷத்தில் ஒரு தடவைதான் பேனாவைத் தொடுவாள். அவள் விரலில் மை பார்த்தேன். பிறகு அவள் முட்டிக்காக நீ லீவு போடுகிறாய் என்று கடிதம் வருகிறது. பஸ் ஓட்டினவன்தான், முட்டாள் இல்லை.

நீ கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் படியில் உட்கார்ந்திருந்தேன். மேலே குழந்தை அழுவது கேட்டது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, கதவுக் கீல் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டு சிகரெட்டைத் தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். பொய். பையில் ஒன்று இருந்தது, அதையும் அங்கேயே பற்ற வைத்தேன். அவமானமாக இருந்தது, அதனால் பற்ற வைத்தேன். பாதி இழுத்ததும் சத்தம் நின்றுவிட்டது. என் புகை மேலே போய்தான் நின்றுவிட்டதோ என்று பயந்து எழுந்து, அதைப் படியிலேயே நசுக்கினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழுதாள். அந்தப் பாதியோடு சரி. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

உன்மேல் கோபம் இருந்ததா என்றால், திரும்பி வரும் வழியில் இருந்தது. வீடு சேர்ந்ததும் போய்விட்டது. அதற்கப்புறம் இருந்தது வெட்கம். முதல் ஐந்து வருஷம் எந்த நிமிஷமும் திரும்பப் பிடித்துவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. உன் வீட்டுக்கு வந்து, உன் முன்னால் கை சட்டைப் பையைத் தடவினால்? அதனால் டூட்டி என்றேன். சொல்லிச் சொல்லி அதுவே பழகிவிட்டது. வரலாம் என்று மனசு வந்தபோது மூச்சு இல்லை.

அந்த டாக்டரம்மா சொன்னதை அண்ணி எழுதியிருப்பாள். அப்படியானால் இந்த இருபத்து நாலு வருஷத்தை எனக்குக் கொடுத்தது நீ அன்றைக்குச் சொன்ன நாலு வார்த்தைதான். அதற்குப் போய் மன்னிப்புக் கேட்கிறாய்.

வா. மெஷின் சத்தம் போடும், பயப்படாதே. குழாயைப் பார்த்து அழக் கூடாது. அழுவதானால் அண்ணியின் முட்டியைப் பார்த்து அழு.

அண்ணன்

*

செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஐம்பத்து நாலு படியும் ஏறி முடித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். நீ ஒவ்வொரு நாளும் இப்படித்தானே என்று நினைத்தேன்.

வந்து ஒரு வாரம் ஆகிறது, காதில் இன்னும் உன் மெஷின் ஓடுகிறது. இங்கே வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. உன் மாப்பிள்ளை, "என்ன, எதையோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் நடக்கிற மூச்சுப் பயிற்சி வகுப்புக்குத் தவறாமல் போ. அங்கே உன் பக்கத்து நாற்காலிப் பாட்டுக்காரரிடம் போட்டி போடாதே, அவர் உன்னைவிட எட்டு வயது சின்னவர். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தை இழுத்ததும் வாய் கொப்பளி, மறக்காதே. சளியின் நிறம் மாறினால் அன்றைக்கே டாக்டரிடம் போ, வெள்ளையடிக்கப் போகாதே. அந்தச் சின்ன சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நீயும் நானும் பெஞ்ச் வரை போய் வந்தோமே, அதைத் தினம் செய். அந்த டிரைவர் பெண் வண்டியை மெதுவாக்கி உனக்கு ஹார்ன் அடித்தபோது உன் முகம் போன போக்கைச் சின்னவளுக்கு நடித்துக் காட்டினேன். டிசம்பரில் அவள் அங்கே வருகிறாள். நீ மறுக்க முடியாது, அவளிடம் நான் எல்லாம் சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று வாரம் அத்தனை பேசினோம், சிரித்தோம். கிளம்புகிற அன்றைக்கு மட்டும் நீ வாசலுக்கு வரவில்லை. வாடகைக் காரில் பெட்டியை ஏற்றிவிட்டு நின்று பார்த்தேன். "அவர் சமையலறையில இருக்கார், நீ கிளம்பு" என்று அண்ணி சொன்னார்கள். முந்தின நாள், ரொம்பப் பேசாதே, மூச்சு வாங்கும் என்று நான் இரண்டு தடவை அதட்டினேன். அதில் வருத்தமா? நான் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் எழுது. இன்னொரு இருபத்து நாலு வருஷத்துக்கு மனசில் வைத்துக்கொள்ள எனக்கு வயது இல்லை.

அண்ணிக்கு என் முத்தம்.

வாலு

*

செப்டம்பர் 24

அன்புள்ள வாலு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. இங்கே இரண்டு பேரும் அப்படியே இருக்கிறோம். புதுக் கண்ணாடியில் அண்ணியின் முகம் தெளிவாகத் தெரிகிறது. பழையதே பரவாயில்லை என்று சொல்லி அடி வாங்கினேன்.

நேற்று பெஞ்சைத் தாண்டி மருந்துக் கடை வரை போனேன். நடுவில் ஒரு தடவைதான் நின்றேன். வகுப்பு நடத்துகிற பெண் எழுதி வைத்துக்கொண்டாள். பாட்டுக்காரரிடம் போட்டி இல்லை. அவர்தான் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில். நீ எதுவும் தப்பாகச் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து வாசலுக்கு இருபத்திரண்டு அடி. என்னால் வந்திருக்க முடியும். ஆனால் அன்று காலையிலிருந்தே எனக்குச் சரியாக இல்லை. உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. வாசலுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் தோள் இரண்டும் மேலே தூக்கித் தூக்கி இறங்கும். போய் வா என்று சொல்ல வாயைத் திறந்தால் வார்த்தை வராது, சத்தம் மட்டும் வரும். அதைப் பார்த்தால் நீ வண்டியில் ஏறியிருக்க மாட்டாய். உனக்கு அங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, மாப்பிள்ளை மூன்று வாரமாகத் தனியாக இருந்திருக்கிறார். அதனால் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஆனால் எஞ்சின் கிளம்பவில்லை. எனக்கு வண்டிச் சத்தம் தெரியும். இரண்டு நிமிஷம் அப்படியே நின்றது. கொஞ்சம் பொறுங்கள் என்று நீதான் டிரைவரிடம் சொல்லியிருப்பாய்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அந்த இரண்டு நிமிஷத்திலும் நான் வந்திருக்கலாம், வாலு. பார்த்துவிட்டு நீ இறங்கி இங்கேயே இருந்திருந்தால், இருந்திருக்கட்டுமே.

அண்ணன்